இன்னும் மூன்று வாரம் பொறுத்தால் வரி இல்லையாம்: விற்கவா, பொறுக்கவா?

ஓசூர்க்காரன் · 4 ஜூலை 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. சம்பளம் ஆண்டுக்கு ஒன்பது லட்சம் சொச்சம், புதிய வரி முறையில்தான் இருக்கிறேன்.

போன வருடம் ஜூலை 22, பட்ஜெட்டுக்கு முந்தைய நாள், ஒரு பம்ப் கம்பெனியின் பங்கை 960 ரூபாய்க்கு 200 வாங்கினேன். நவம்பர் 18 அன்று 1,080 ரூபாய்க்கு இன்னும் 100. மொத்தம் மூன்று லட்சம் போட்டேன், செயலியில் சராசரி 1,000 என்று காட்டுகிறது. இன்று 1,500-இல் முடிந்தது. ஒன்றரை லட்சம் லாபம் நிற்கிறது.

ஆவணியில் தங்கை கல்யாணம். என் பங்குக்கு மூன்று லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், இந்த மாதக் கடைசிக்குள் நகைக்கடையில் கட்ட வேண்டும். இன்றைக்கே விற்றுவிடலாம் என்று பார்த்தால், கூட வேலை செய்பவர் ஒருவர் "வருடம் முடிய விடு, வரியே வராது" என்கிறார். இன்னொருவர் "12 லட்சம் வரைக்கும்தான் வரி கிடையாதே, உனக்கு என்ன கவலை" என்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. போன நிதியாண்டில் இன்ட்ராடேயில் (அன்றே வாங்கி அன்றே விற்பது) 58,000 ரூபாய் விட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த நஷ்டத்தை இந்த லாபத்தில் கழித்துக்கொள்ள முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை ரிட்டர்ன் · 4 ஜூலை, இரவு 10.25

தம்பி, நான் மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக ரிட்டர்ன் போடுகிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 12 லட்சம். சம்பளம், வட்டி போன்ற வருமானத்துக்கு வருகிற வரியைத்தான் 87ஏ பிரிவின் தள்ளுபடி துடைக்கிறது. பங்கு லாபம் தனி விகிதத்தில் வரி கட்டும் வருமானம், அதற்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. இந்த நிதியாண்டிலிருந்து சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். சம்பளத்துக்கு உங்களுக்கு வரி வராது. ஆனால் பங்கை இன்று முழுவதும் விற்றால் 1,50,000 லாபமும் குறுகிய காலக் கணக்கு. 20 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ், ஆக 20.8. வரி 31,200 ரூபாய். இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து வருகிறவர்களை வாரம் இரண்டு பேராவது பார்க்கிறேன்.

இரண்டாவது, வருடக் கணக்கு. பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் நீண்ட கால லாபம். ஒரு நிதியாண்டில் அப்படி வருகிற முதல் 1,25,000 ரூபாய்க்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். நீங்கள் வாங்கிய மறுநாள் வந்த பட்ஜெட்டில்தான் இது மாறியது. அதுவரை குறுகிய காலத்துக்கு 15 சதவீதம், நீண்ட காலத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் 10 சதவீதம்.

மூன்றாவது, சராசரி 1,000 என்பதை மறந்துவிடுங்கள், வருமான வரிக்கு அது கிடையாது. டீமேட்டில், அதாவது பங்குகள் இருக்கும் கணக்கில், முதலில் வந்தது முதலில் போகும். ஜூலையில் வாங்கிய 200 பங்கில் லாபம் பங்குக்கு 540, ஆக 1,08,000. நவம்பரில் வாங்கிய 100-இல் 420 வீதம் 42,000. ஜூலை பங்கு இந்த மாதம் 23-ஆம் தேதியிலிருந்து நீண்ட காலம் ஆகிவிடும். தரகர் தரும் கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கிற தேதிதான் கணக்கு. அந்த 1,08,000 விலக்குக்குள் அடங்கிவிடுவதால் வரி பூஜ்யம். இன்று விற்றால் அதே 200 பங்குக்கு 22,464 ரூபாய்.

இன்ட்ராடே நஷ்டம் பற்றி நாளை எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளம்.

கேண்டில் குமார் · 4 ஜூலை, இரவு 11.10

வரியை மட்டும் பார்க்காதீர்கள் நண்பரே. இந்தக் கம்பெனிகள் எல்லாம் ஜூலை நடுவிலிருந்து காலாண்டு முடிவு வெளியிடும். உங்கள் 23-ஆம் தேதிக்கு முன்பே அது வந்துவிடலாம். முடிவு சரியில்லை என்றால் ஒரே நாளில் எட்டு பத்து சதவீதம் போகும். நான் ஏழு வருடமாக ஸ்விங் டிரேடிங் (சில நாள், சில வாரம் வைத்து விற்பது) செய்கிறேன், முடிவு வரும் நாளில் முழுச் சரக்கையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார மாட்டேன்.

பாதி இன்று, பாதி 23-க்குப் பிறகு. 150 விற்றுவிட்டுத் தூங்குங்கள்.

மதுரை ரிட்டர்ன் · 5 ஜூலை, காலை 7.15

குமார் சொல்லும் பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பாதிக் கணக்கு இவருக்கு ஒத்துவராது.

இன்று 150 விற்றால் எந்த 150 போகும்? ஜூலையில் வாங்கியதுதான். இன்னும் பதினெட்டு நாளில் வரியில்லாமல் ஆகவேண்டிய பங்கு 20.8 சதவீத வரியோடு போய்விடும். கையில் மிஞ்சுவது ஜூலைப் பங்கு 50, நவம்பர் பங்கு 100. "நவம்பரில் வாங்கியதை இப்போது விற்கிறேன், பழையதை வைத்துக்கொள்கிறேன்" என்று ஒரே டீமேட்டில் சொல்ல முடியாது. வேறு டீமேட்டில் வாங்கியிருந்தால் அது தனி வரிசை. அதனால்தான் நெடுநாள் வைக்கிற பங்குக்கு ஒரு கணக்கு, அடிக்கடி வாங்கி விற்பதற்கு ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பொறுப்பதற்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று போட்டுப் பார்த்தேன். இன்று 1,500-க்கு விற்றால் ஜூலைப் பங்கில் வரி போக ஒன்றுக்கு 1,387 ரூபாய் 68 காசு கையில் நிற்கும். 23-ஆம் தேதிக்குப் பிறகு 1,388-க்கு விற்றாலும் கையில் நிற்பது அதேதான். ஏழரை சதவீதம் விழுந்தால் கூட இன்று விற்றதற்குச் சமம். அதற்குக் கீழே போனால்தான் பொறுத்தது தப்பு.

இந்த வருடம் வேறு பங்கில் 1.25 லட்ச விலக்கை ஏற்கெனவே தீர்த்திருந்தால் கதை வேறு. 20.8-க்கும் 13-க்கும் (12.5-உம் அதன் செஸ்ஸும்) உள்ள வித்தியாசம் மட்டும்தான் மிச்சம், சமம் ஆகிற விலை 1,452. மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் விழத்தான் இடம். அப்போது குமார் பக்கம்தான் நானும் நிற்பேன்.

பழைய பேங்க்காரர் · 5 ஜூலை, காலை 8.50

ஓய்வுபெற்ற வங்கி ஊழியன், வயது 67. என் கதையையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

2004 அக்டோபரிலிருந்து 2018 மார்ச் வரை நீண்ட கால லாபத்துக்கு வரியே கிடையாது, எஸ்டிடி என்கிற பங்குப் பரிவர்த்தனை வரி மட்டும்தான். அப்போது பழகிய மனசு எனக்கு, வருடம் முடியாமல் எதையும் தொட மாட்டேன். 2017 டிசம்பரில் ஒரு நிதி நிறுவனப் பங்கு வாங்கினேன். 2018 ஆகஸ்டில் 1,60,000 ரூபாய் லாபம். விற்றிருந்தால் 15 சதவீதம், 24,000 வரி. டிசம்பர் வரை பொறுத்தால் ஒரு லட்சம் போக மீதி 60,000-க்கு 10 சதவீதம், 6,000 ரூபாய். பதினெட்டாயிரம் மிச்சம் என்று பொறுத்தேன். செப்டம்பரில் நிதி நிறுவனப் பங்குகள் எல்லாம் மொத்தமாகச் சரிந்தது பலருக்கு நினைவிருக்கும். டிசம்பரில் விற்றபோது 20,000 கைநஷ்டம்.

ஓசூர்த் தம்பி பொறுப்பது பதினெட்டு நாள். நான் பொறுத்தது நாலு மாதம். பதினெட்டு நாளுக்கு 22,000 ரூபாய் என்றால் நானும் பொறுப்பேன், நாலு மாதத்துக்குப் பதினெட்டாயிரம் என்பது ஆசை. கம்பெனி சரியில்லை என்று தோன்றினால் மட்டும் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம்.

மதுரை ரிட்டர்ன் · 5 ஜூலை, மாலை 6.30

விட்ட இடத்துக்கு வருகிறேன், இன்ட்ராடே.

காலையில் வாங்கி மாலையில் விற்பது வரிச் சட்டத்தில் மூலதன லாபமே இல்லை. அது ஊக வியாபாரம். அதில் வந்த நஷ்டத்தை ஊக வியாபார லாபத்தில் மட்டும்தான் கழிக்கலாம். டெலிவரி எடுத்து டீமேட்டில் வைத்த பங்கின் லாபத்தில் கழிக்க முடியாது, சம்பளத்திலும் முடியாது. நாலு வருடம் முன்கொண்டு போகலாம், அதற்கும் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். ஐடிஆர்-3 படிவம். இந்த ஆண்டு கெடுவை செப்டம்பர் 15-க்கு நீட்டித்திருக்கிறார்கள், விட்டுவிடாதீர்கள்.

டெலிவரியில் வந்த நஷ்டம் இதைவிடப் பயன்படும். குறுகிய கால நஷ்டத்தைக் குறுகிய கால லாபத்திலும் கழிக்கலாம், நீண்ட கால லாபத்திலும் கழிக்கலாம், எட்டு வருடம் முன்கொண்டு போகலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும்தான். எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) ஊகம் அல்லாத வியாபாரம், அது இன்னொரு பெட்டி.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்த நிதியாண்டில் இன்ட்ராடேயில் லாபம் வந்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து சாதாரண விகிதத்தில் போகும். உங்களுக்கு மொத்தம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் கழிந்து வரியே வராது. பதினோரு மாதம் வைத்திருந்தவருக்கு 20 சதவீதம், பதினோரு நிமிடம் வைத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை! இது சரியான அமைப்பு என்று நான் நினைக்கவில்லை. அதே சமயம் 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அதே இன்ட்ராடே லாபம் செஸ்ஸோடு 31.2 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்ட்ராடேக்குத் திரும்ப வேண்டாம். 2022-23-இல் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டார்கள் என்று சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வே சொன்னது. வீட்டில் சொல்லிவிடுங்கள் தம்பி, ரிட்டர்னில் எப்படியும் எழுதத்தான் போகிறீர்கள்.

கேண்டில் குமார் · 5 ஜூலை, இரவு 9.05

முதலில் வந்தது முதலில் போகும் என்கிற ஃபைஃபோ விஷயத்தில் நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு எல்லாமே குறுகிய காலம் என்பதால் எப்போது வாங்கிய பங்கு போகிறது என்று பார்த்ததே இல்லை.

என் செலவையும் சொல்கிறேன், புதிதாக ஸ்விங் பக்கம் வருகிறவர்களுக்கு உதவும். ஐந்து லட்சம் முதலை வருடத்துக்குப் பத்துத் தடவை உருட்டினால் வாங்கியது 50 லட்சம், விற்றது 50 லட்சம். எஸ்டிடி இரண்டு பக்கமும் 0.1 சதவீதம், ஆக 10,000 ரூபாய். முத்திரைக் கட்டணம் வாங்கும் பக்கம் 0.015 சதவீதம், 750. அதாவது முதலில் இரண்டு சதவீதத்துக்கு மேல் லாபமோ நஷ்டமோ பார்க்காமலே போய்விடுகிறது. தரகு, விற்கிற ஒவ்வொரு நாளும் டீமேட் கட்டணம் எல்லாம் தனி. எஸ்டிடியை மூலதன லாபத்தில் செலவாகக் கழிக்கவும் விட மாட்டார்கள். அதற்குப் பிறகு மிஞ்சினால்தான் அந்த 20.8.

அட்வான்ஸ் டாக்ஸும் உண்டு, வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டுகிற வரி. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச், நாலு மாதமும் 15-ஆம் தேதி. முதல் இரண்டு வருடம் தெரியாமல் வட்டி கட்டினேன்.

இவ்வளவும் கட்டியும் எனக்கு மிஞ்சுகிறது, அதனால் தொடர்கிறேன். ஆனால் "20 சதவீதம்தானே" என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

பழைய பேங்க்காரர் · 6 ஜூலை, காலை 6.40

குமார் தம்பி மனம்விட்டு எழுதியது நல்லது. அதோடு சேர்த்து ஒரு கணக்கு. நேற்று இரவு பேரனின் கால்குலேட்டரில் போட்டேன்.

பத்து லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ச்சி, பதினைந்து வருடம். ஒருவர் ஒவ்வொரு வருடமும் 12 மாதம் முடிவதற்குள் விற்று, 20.8 சதவீதம் கட்டி, மீதியைத் திரும்பப் போடுகிறார். அவருடைய 12 சதவீதம் உண்மையில் 9.5 ஆகிவிடுகிறது. கடைசியில் கையில் 39 லட்சம். இன்னொருவர் தொடவே இல்லை. பதினைந்தாம் வருடம் 54 லட்சத்து 74 ஆயிரம். விற்கிறார், விலக்கு போக 13 சதவீதம், வரி மட்டும் ஐந்தே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கட்டியபின் 49 லட்சம்.

வித்தியாசம் பத்து லட்சம், போட்ட முதலே இன்னொரு தடவை. எஸ்டிடியும் தரகும் இதில் இல்லை. 20-க்கும் 12.5-க்கும் உள்ள இடைவெளி மட்டும் இதைச் செய்யவில்லை. வருடா வருடம் அரசுக்குப் போகவேண்டிய பணம் பதினைந்து வருடம் நம்மிடமே இருந்து குட்டி போட்டது. மாடு விற்கிறவன் கன்றையும் சேர்த்துத்தானே விற்கிறான்!

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது, நானே செய்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் 1.25 லட்சம் லாபம் வருகிற அளவு பழைய பங்கை விற்று, மறுநாள் அதே பங்கைத் திரும்ப வாங்கிவிடுவேன். வாங்கிய விலை உயர்ந்துவிடும், அந்த லாபம் வரியில்லாமல் கழிந்துவிடும். அன்றைக்கே வாங்கினால் இன்ட்ராடே ஆகிவிடும், மறுநாள்தான். புதிதாக வாங்கியதற்கு 12 மாதம் மறுபடி முதலிலிருந்து ஓடும், அந்த வருடத்தில் பணம் தேவைப்படுகிறவர்கள் செய்யக் கூடாது.

மலர்விழி · 6 ஜூலை, பகல் 12.30

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவர் 2009-இல் 90 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 400 என் டீமேட்டுக்கு ஜனவரியில் மாறியது. இப்போது 900. எனக்கு வேறு வருமானம் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். என் பெயருக்கு வந்து ஆறு மாதம்தான் என்பதால் குறுகிய காலம், 3,24,000-க்கும் 20 சதவீதம் என்று ஒருவர் சொன்னார். அப்பா கடைசிவரை விற்காமல் வைத்திருந்தது. விற்கவே மனம் வரவில்லை, அதில் இப்படி ஒரு வரியா?

மதுரை ரிட்டர்ன் · 6 ஜூலை, பகல் 1.50

சொன்னவர் தப்பாகச் சொல்லியிருக்கிறார், கவலைப்படாதீர்கள் மேடம். வாரிசாக வந்த பங்குக்கு அப்பா வாங்கிய தேதியும் அவர் கொடுத்த விலையும்தான் உங்களுக்கும். 2009-லிருந்து கணக்கு, சந்தேகமே இல்லாமல் நீண்ட காலம்.

அதோடு 2018 ஜனவரி 31 வரை ஏறிய லாபத்துக்கு வரி கிடையாது. அன்று சந்தையில் அந்தப் பங்கின் உச்ச விலை எவ்வளவு என்று பாருங்கள். உதாரணத்துக்கு 640 என்றால், நீங்கள் 900-க்கு விற்கும்போது 640-ஐயே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். லாபம் பங்குக்கு 260, மொத்தம் 1,04,000. விலக்குக்குள் வந்துவிடும்.

வேறு வருமானம் இல்லாதவர், இந்தியாவில் வசிப்பவர் என்றால் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. புதிய முறையில் நாலு லட்சம் அடிப்படை வரம்பில் பயன்படாத பகுதியைப் பங்கு லாபத்துக்கும் பயன்படுத்தலாம். குறுகிய கால லாபத்துக்கும்கூட.

இதைப் படிக்கிற கணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மனைவி பெயரில் பணம் போட்டுப் பங்கு வாங்கினால் அந்த லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். மலர்விழி மேடத்துக்கு அப்பாவிடமிருந்து வந்ததால் அது அவருடையது.

கடல் தாண்டியவன் · 6 ஜூலை, இரவு 8.20

சிங்கப்பூரிலிருந்து. அந்த நாலு லட்சம் எங்களைப் போன்ற வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குக் கிடையாது. இங்கே பங்கு லாபத்துக்கு வரி இல்லை, ஆனால் ஊர்ப் பங்கை விற்றால் இந்திய வரி உண்டு. விற்ற கையோடு வரியை டிடிஎஸ்ஸாகப் பிடித்துவிட்டுத்தான் பணம் வரும், நஷ்டம் ஏதாவது கழிக்க வேண்டும் என்றால் ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும். இன்ட்ராடே எங்களுக்கு அனுமதியே இல்லை, அது ஒரு வகையில் நல்லது.

மலர்விழி · 7 ஜூலை, காலை 10.05

மதுரை அண்ணா, அன்றைய உச்ச விலை 655 இருந்தது. ரொம்ப நன்றி. இப்போதைக்கு விற்கவில்லை. விற்றால் எவ்வளவு என்று தெரிந்ததே நிம்மதியாக இருக்கிறது.

ஓசூர்க்காரன் · 24 ஜூலை, இரவு 8.45

எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

பொறுத்தேன். 1,388 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டிவைத்தேன். அதற்குக் கீழே போனால் அன்றைக்கே விற்பது என்று முடிவு. 17-ஆம் தேதி முடிவு வந்தது, குமார் அண்ணா சொன்ன மாதிரியே சந்தைக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் காலை 1,405-க்கு விழுந்தது. ஷிஃப்டில் இருந்தேன், கை மெஷினில், மனசு போனில். விற்கலாம் என்று இரண்டு தடவை எடுத்துவிட்டு உள்ளே வைத்தேன். மாலையில் 1,420.

இன்று காலை 200 பங்கையும் 1,436-க்கு விற்றுவிட்டேன். லாபம் 95,200, வரி இல்லை. கைக்கு 2,87,200 வருகிறது, அன்றைக்கே விற்றிருந்தால் வரி போக 2,77,536. மூன்று லட்சத்துக்குக் குறைவதைச் சம்பளத்தில் போட்டுக்கொள்கிறேன். நாளை பணம் வந்ததும் நகைக்கடை.

58,000 பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மீதி 100 பங்கை நவம்பர் 18 வரை வைத்திருக்கிறேன்.

மதுரை ரிட்டர்ன் · 24 ஜூலை, இரவு 9.30

சந்தோஷம் தம்பி, தங்கைக்கு வாழ்த்துகள்.

நவம்பர் 18 அன்று விற்றுவிடாதீர்கள், 19-லிருந்து விற்கலாம். இந்த நிதியாண்டில் உங்கள் விலக்கில் மிச்சம் 29,800 ரூபாய்தான். அந்த 100 பங்கில் லாபம் அதற்குள் நின்றால் நவம்பரிலேயே விற்கலாம். தாண்டினால் ஏப்ரலில் புது 1.25 லட்சம் கிடைக்கும், ஆனால் அதற்காக நாலு மாதம் பொறுக்கலாமா என்பதை பேங்க்காரர் சாரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஐடிஆர்-3-க்கு போன வருட இன்ட்ராடே லாப நஷ்ட அறிக்கையைத் தரகர் தளத்திலிருந்து இப்போதே இறக்கி வையுங்கள்.